மடித்துப் பிடித்த தாள்

சிம்பாங் அம்பாட் நாற்சந்தியிலிருந்து உள்ளே திரும்பினால், கோழிப்பண்ணை நாற்றம் முடிகிற இடத்தில் செம்பனைத் தோட்டம் தொடங்கும். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை. அதன் கடைசியில் இருக்கிறது மூன்றாம் டிவிஷன். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இதை வாசிக்கிற நேரத்தில் இருக்குமா என்று எனக்குத் தெரியாது, கண்ணுகளா.

இரண்டு வரிசை லயம், முப்பத்தியொரு வீடு. ஒரு காளியம்மன் கோயில், மாதத்துக்கு ஒருமுறை பாதிரியார் வந்து போகிற ஒரு சின்ன மாதா கோயில், நடுவில் பழைய பெரட்டுக் களம். பெரட்டு தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் எல்லாரையும் அங்கே நிறுத்தி மண்டோர், அதாவது கங்காணி, பேர் வாசிப்பார். பேர் வந்ததும் 'யா' என்று குரல் கொடுக்கவேண்டும். குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. மண்டோர் வாசிப்பது நின்று பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த இடத்தில் யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஐம்பது வயதுக்காரர்களின் வாயிலிருந்து 'யா' தானாக வந்து விழும்.

பிரிஜிட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. அவள் புருஷன் ஜெயராஜ் நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுவான். குலை தரையில் மோதிச் சிதறும்போது தெறிக்கிற பழங்களை அவள் முட்டிபோட்டுப் பொறுக்குவாள். முள்ளும் இருக்கும், தேளும் இருக்கும். மழைக்காலத்தில் சாக்கு தண்ணீர் குடித்து இரண்டு மடங்கு கனக்கும். முப்பது வருடமாக அதுதான் வேலை. ஆனால் தோட்டத்தில் அவளுக்கு மரியாதை அந்த வேலையால் வந்ததல்ல. மலாயில் வருகிற கடுதாசியை வாசித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவள் அவள். விண்ணப்பப் பாரம் நிரப்புவதும் அவள்தான். முப்பத்தியொரு வீட்டுக்காரர்களின் ஐசி, அதாவது அடையாள அட்டை நம்பரும் அவளுக்கு மனப்பாடம். உரிமைக் குழுவின் செயலாளர் என்று ஒரு பேரும் உண்டு.

ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் சாக்கு ஊசியும் கையுமாகத் திரும்பி வந்தபோது ஒவ்வொரு கதவிலும் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. பசை காயாமல் வழிந்துகொண்டிருந்தது. பெண்கள் வாசலில் நின்றார்கள். மேற்கே வானம் கறுத்திருந்தது.

"வாசிங்கக்கா," என்றாள் பக்கத்து வீட்டு அகல்யா. நாற்சந்தியில் காலையில் நாசி லெமாக் சோறு விற்கிறவள், வாய் கொஞ்சம் துடுக்கு. "ரெண்டு பேரு வந்தானுங்க. ஹைலக்ஸ் காடில. ஒட்டினான், போட்டோ எடுத்தான், போயிட்டான். என்னான்னு கேட்டா சிரிக்கிறான்."

பிரிஜிட் தன் வீட்டுக் கதவிலிருந்ததையே வாசித்தாள். "நெலம் கை மாறிடுச்சாம். மே முப்பத்தியொண்ணுக்குள்ள வீட்டக் காலி பண்ணணும். கரண்டு, தண்ணி அன்னிக்கே வெட்டிடுவாங்க. குடியிருப்பாளர் அனைவரும் தங்கள் சொந்த விருப்பத்தில எழுத்து மூலமா ஒப்புக்கிட்டபடி..."

வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவளுக்கே விளங்கியது.

"யாரு ஒப்புக்கிட்டா?" என்றாள் அகல்யா.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அதான் கேக்கறேன். எவ ஒப்புக்கிட்டா? எந்த வீட்டு ஆளு எழுதிக் குடுத்தான்? நான் குடுக்கல. நீங்க?"

"இல்லலா."

"பின்ன? காளியம்மாவா கையெழுத்துப் போட்டா?"

ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அகல்யா இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆங், உங்களுக்குன்னு தனியா ஒண்ணு குடுத்தான். செயலாளர்கிட்ட சேக்கணுமாம்," என்று ஒரு பழுப்பு உறையை நீட்டினாள்.

பிரிஜிட் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். ஏன் கதவைச் சாத்தினோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

உறைக்குள் மூன்று தாள். முதல் தாளில் தலைப்பு பெரிய எழுத்தில்: குடியிருப்பை விட்டு வெளியேறுவதற்கான தன்விருப்ப ஒப்புதல். அடுத்த இரண்டிலும் கட்டம் போட்ட பட்டியல். வரிசை எண், பேர், ஐசி நம்பர், கையெழுத்து. பேரும் நம்பரும் ஒரே கையெழுத்து. அழகான, சாய்வில்லாத, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. அவளுடையதுதான்.

அவள் அடுப்புப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

போன டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால், தேர்தலில் ஜெயித்து ஒய்.பி. ஆகியிருந்த நவரட்ணம் பரிசுக் கூடை கொண்டுவந்தார். அரிசி, எண்ணெய், பிஸ்கட் டின், ஒரு போத்தல் கார்டியல். அவருடைய உதவியாளர் கீதன் அட்டையில் கிளிப் போட்ட தாள்களை அவளிடம் கொடுத்து, "ஆன்ட்டி, வந்தவங்க பேரு எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க. அட்டெண்டன்ஸ்," என்றான். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் எழுதுவதுதான், கூடை வாங்கினாலும் எழுதுவதுதான். முதல் தாளைக் கிளிப்புக்கு மேலாகப் பின்னால் மடித்துவிட்டிருந்தான். காற்றில் அது முன்னால் வந்து வந்து விழுந்தது. எழுதத் தொந்தரவாக இருக்கிறதென்று பிரிஜிட் அதைப் பின்பக்கம் தள்ளி இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வீடு வீடாகப் போனாள். முப்பத்தியொரு வீட்டிலும் அந்தக் கட்டைவிரல் அந்தத் தாளை விடவேயில்லை.

அகல்யா மட்டும் கேட்டிருந்தாள். "இதுல என்னாக்கா எழுதியிருக்கு?" பிரிஜிட் அவள் கன்னத்தில் தட்டி, "நம்ம ஆளு கொண்டாந்தது, இதுலயுமா உனக்குச் சந்தேகம்?" என்று சொன்னாள். அது இப்போது அப்படியே காதில் கேட்டது, தன் குரலிலேயே.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. தகரத்தின் மேல் கல்லைக் கொட்டுவதுபோலச் சத்தம். ஜெயராஜ் நனைந்து வந்து பூட்ஸைக் கழற்றினான். அவள் தாள்களை நீட்டினாள். அவனுக்கு மலாய் பேச வரும், வாசிக்க வராது. கையெழுத்துக்களைப் பார்த்தான். தன்னுடையதைப் பார்த்தான்.

"இது அந்தக் கூடைக்குப் போட்டதுதானே."

"கூடைக்கு இல்லையாம்."

அவள் விளக்கிச் சொன்னாள். அவன் ஈரத் துண்டோடு போய்க் கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தான்.

"அடுப்புல போடு."

"இது ஜெராக்ஸுங்க. ஒரிஜினல் அங்க இருக்கு."

"உறையில என்னா இருக்குன்னு யாருக்கும் தெரியாதுல்ல? போட்டுரு. அகல்யா கண்டா நம்மள லயத்துல இருக்க வுடுவாளா? எல்லா எழுத்தும் உன்னோடது, பிரிஜி. ஏமாத்திக் கையெழுத்து வாங்குனான்னு போலீஸ் வந்தா யாரப் பிடிப்பான்? ஒய்.பி.யையா பிடிப்பான்?"

அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. நெத்திலிச் சம்பல் அரைத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. ஏன் வந்தது என்று சொல்கிறேன்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இதே வீட்டில், இதே தரையில் பாய் போட்டு ஆறு நாள் படுத்திருந்தவர் நவரட்ணம். அப்போது அவர் ஒய்.பி. இல்லை, தோழர். புக்கிட் காத்திலில் வீடு, படித்த குடும்பம், யாழ்ப்பாணத்து வம்சம், சின்ன வயசு வக்கீல். கம்பெனி முதல்முறை லயத்தை உடைக்க வந்தபோது கேட்டில் மண்வாரிக்கு முன்னால் ஜெயராஜோடு சேர்ந்து படுத்தார். இரண்டு பேரும் ஒரே லாக்கப்பில் இருந்தார்கள். பிரிஜிட்டின் நெத்திலிச் சம்பலை கிழங்கோடு தின்றுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். ராத்திரிப் பாடம் நடத்தினார். அவர் சொன்ன முதல் பாடம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. "வாசிக்காத தாளில கையெழுத்துப் போடாதீங்க. முதலாளி குடுத்தாலும், போலீஸ் குடுத்தாலும், சாமி வந்து குடுத்தாலும்."

அதற்கப்புறம் அவள் வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. மானேஜர் கத்தியபோதும் போடவில்லை. ஆபரேஷனுக்குப் போன ஆஸ்பத்திரியில்கூட வலியோடு வாசித்துவிட்டுத்தான் போட்டாள். பதினெட்டு வருடத்தில் ஒரே ஒருமுறை வாசிக்காமல் விட்டாள். அதுவும் அந்தப் பாடம் சொன்னவர் கொடுத்த தாளை.

மகள் மிஷேல் தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். தாள்களைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அரைமணி நேரத்தில் கூப்பிட்டாள்.

"அம்மா, வக்கீல்கிட்ட வேலை செய்ற என் ஃப்ரெண்ட் கிட்ட காட்டினேன். அவ சொல்றா, ஃபர்ஸ்ட் பேஜ காட்டாம சைன் வாங்கினாங்கன்னா அத எதிர்த்துப் பேசலாமாம். ஆனா எல்லாரும் ரிப்போர்ட் போடணும். அதுக்கு முன்ன நீங்க போடணும்."

"நானா?"

"நீங்கதானேம்மா வாங்கினீங்க. மேல தாள் மடிச்சிருந்துச்சு, யாருக்கும் காட்டலன்னு நீங்க சொன்னாத்தான் மத்தவங்க சொல்றது நிக்குமாம். நீங்க வாயத் தொறக்கலன்னா, எல்லாரும் தெரிஞ்சே போட்டாங்கன்னு ஆயிடும்."

ஃபோனை வைத்தபிறகு ஜெயராஜ், "நாளைக்கு மொதல்ல தோழரைப் போய்ப் பாப்போம்," என்றான். "அவருக்குத் தெரிஞ்சிருக்காது. இந்தக் கீதன் பயலோட வேலையா இருக்கும்." அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவளும் ஆசைப்பட்டாள். கிழங்கை இரண்டு பேரும் தொடவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போனார்கள். சேவை மையத்தில் கண்ணாடிக் கதவு, ஏர்கான். சுவர் முழுக்க ஒய்.பி. கைகூப்பி நிற்கிற படம். நம்பர் சீட்டு எடுத்து உட்கார்ந்தார்கள். ஜெயராஜ் போட்டிருந்தது குழுவின் பழைய சிவப்புச் சட்டை, கழுத்தில் சாயம் போனது. அதைப் போட்டால் உள்ளே விடுவார்கள் என்று நினைத்திருந்தான்.

கீதன் வந்து நல்லபடியாகத்தான் பேசினான். "சொல்லுங்க அங்கிள்."

"தோழரைப் பாக்கணும்."

"ஒய்.பி.ன்னு சொல்லுங்க அங்கிள். வர்றவங்க கேட்டா நல்லா இருக்காது."

பிரிஜிட் உறையை மடியில் வைத்தபடி, "தம்பி, அன்னிக்கு இத அட்டெண்டன்ஸ்ன்னு சொன்னீங்க," என்றாள்.

"அட்டெண்டன்ஸும்தான் ஆன்ட்டி. ரெண்டும் ஒண்ணா முடிஞ்சுது. கோர்ட் ஆர்டர் வந்து தெருவில நிக்கிறதுக்கு இது மேல் இல்லையா? ஃப்ளாட் குடுக்கிறாங்க. ஆறு மாசம் வாடகை இல்ல."

"ஆறு மாசம் கழிச்சு?"

அவன் ஃபோனைப் பார்த்தான்.

உள்கதவு திறந்து நவரட்ணமே வெளியே வந்தார். தலை நரைத்திருந்தது. ஜெயராஜைக் கட்டிப்பிடித்தார். "அக்கா, எப்படி இருக்கீங்க? மிஷேல் எப்படி?" என்றார். பேரை மறக்கவில்லை. அதுதான் பிரிஜிட்டைக் கலங்கடித்தது. இரண்டு பேரையும் தனியறையில் உட்காரவைத்துத் தானே கோப்பி கலக்கிக் கொடுத்தார்.

"உங்களுக்குத் தெரியாம நடந்ததுன்னு சொல்லிருங்க தோழர்," என்றான் ஜெயராஜ். "அது போதும். நாங்க எழுந்து போயிடறோம்."

நவரட்ணம் கோப்பையைப் பார்த்தார். "ஜெயராஜ், நிலம் வித்தது வித்ததுதான். மேலிடத்தில முடிவு பண்ணியாச்சு. வெளிய நின்னு கத்தின காலம் போயிட்டுது. இப்ப நான் உள்ள இருந்து ஃப்ளாட்டாவது வாங்கித் தந்திருக்கன். அதுவும் இல்லாம ஆக்கிறதுக்கு அங்க ஆட்கள் இருக்கினம்." பதட்டம் வந்தால் அவருக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும். லாக்கப்பில் போலீஸ்காரன் லத்தியைத் தட்டியபோதும் இப்படித்தான் பேசினார் என்று ஜெயராஜுக்கு ஞாபகம் வந்தது. இவரும் பயந்திருக்கிறார். அது ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாகத்தான் இருந்தது.

"படிக்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க," என்றாள் பிரிஜிட்.

"அது கம்பெனிக்காரன் குடுத்தா எண்டு சொன்னதக்கா."

பிறகு குனிந்து, மிக மெதுவாக, அக்கறையோடு சொன்னார். "அந்த லிஸ்டை ஒருத்தருக்கும் காட்டவேணாம். உங்கட நல்லதுக்குத்தான் சொல்றன். எழுத்து முழுக்க உங்கட எழுத்து. சனம் கோவிச்சா உங்களைத்தான் கோவிக்கும். போலீஸ் கேட்டாலும் உங்களைத்தான் கேக்கும். நான் எவ்வளவுக்கு வந்து நிக்கலாம் சொல்லுங்கோ."

பிரிஜிட் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டாள். இதே குரலில்தான் அவர் முன்பு தைரியம் சொன்னார்.

திரும்பும் வழியில் மோட்டார் நின்றுவிட்டதுபோல ஜெயராஜ் ஓரம் கட்டினான். நிற்கவில்லை, அவன்தான் நிறுத்தினான். முதுகு குலுங்கியது. அவள் அந்தச் சாயம் போன சட்டையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பனையெண்ணெய் லாரிகள் சேற்றை அடித்துவிட்டுப் போயின.

"நாமதான தூக்கிட்டுப் போய் உக்கார வச்சோம்," என்றான். "கொடி தச்சது நீ. போஸ்டர் ஒட்டி நாய்க்கடி வாங்குனது நான்."

"ஆமா."

"பேசாம ஃப்ளாட்டுக்குப் போயிடலாம் பிரிஜி. அந்தத் தாளு நம்மகிட்டயே இருக்கட்டும். ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

"அகல்யா கேப்பா."

"கேட்டா?"

"அதாங்க பயமா இருக்கு. கேக்காம விட்டாலும் பயமா இருக்கு. தெனம் காலைல அவ மூஞ்சில முழிக்கணுமே."

சாயங்காலம் ஐந்தரைக்குப் பெரட்டுக் களத்தில் கூட்டம். மழை விட்டு மண்ணிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. முப்பத்தியொரு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரே கேள்விதான். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதிலேயே அது தெரிந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. அடிவரிசையில் கடைசி வீட்டுக் கிழவர் பரமேஸ்வரன்தான் விலைபோயிருப்பார் என்று ஒரு பேச்சு பரவியிருந்தது. அவர் மகன் டவுனில் வீடு வாங்கியிருக்கிறான், அதனால். கிழவர் அது தெரிந்து, தனியாக, ஒரு செம்பனை அடியில் நின்றிருந்தார்.

அகல்யா தொடங்கிவிட்டாள். "கையெழுத்துப் போட்ட நாயி இங்கதான் நிக்குது. தானா சொல்லிட்டா நல்லது. நான் கண்டுபிடிச்சா விளக்குமாத்தாலயே..." சொல்லிக்கொண்டே கிழவர் பக்கம் பார்த்தாள்.

ஜெயராஜ் பிரிஜிட்டின் கையைப் பிடித்திருந்தான். பிடித்தானா, போகாதே என்று இழுத்தானா, அவளுக்குத் தெரியவில்லை. அவள் விடுவித்துக்கொண்டு மண்டோர் நிற்கிற சிமெண்டு மேடையில் ஏறினாள். ஏன் அங்கே ஏறினாள் என்று பின்னாளில் நான் கேட்டேன். கால் தானாகப் போனது என்றாள்.

உறையிலிருந்து தாளை எடுத்தாள். விளக்கம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் பட்டியலை வாசித்தாள்.

"பரமேஸ்வரன்."

"யா," என்றார் கிழவர், பழக்கத்தில்.

"அகல்யா."

"யா."

"பாலகிருஷ்ணன்."

"யா." அது அகல்யாவின் புருஷன், லாரி டிரைவர்.

ஒவ்வொரு பேராக வாசித்தாள். ஐசி நம்பரைத் தாளைப் பார்க்காமலே சொன்னாள். 'யா', 'யா' என்று களம் முழுக்கக் குரல் விழுந்தது. பதினைந்து பேர் தாண்டும்போது குரல்கள் மெலிந்தன. இருபதுக்கு மேல் கேள்விபோல வந்தன. கடைசிக்கு முந்தின பேர் ஜெயராஜ். அவன் 'யா' என்றது கேட்கவேயில்லை.

"பிரிஜிட்," என்று தன் பேரை வாசித்துவிட்டுத் தானே "யா" என்றாள்.

"இதுதான் அது," என்றாள். "நாம எல்லாரும்தான் போட்டிருக்கோம். வாங்குனது நான். கூடை குடுத்த அன்னிக்கு. மேல ஒரு தாள் இருந்துச்சு. அத நான் வாசிக்கல. இப்படி மடிச்சுப் பிடிச்சிருந்தேன்." கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். எல்லாரும் அந்த விரலையே பார்த்தார்கள். "வேற யாரும் விலைபோகல. பரமேஸ்வரன் மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

அகல்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று ஜெயராஜ் முன்னால் வந்தான். அவள் அடிக்கவில்லை. தாளைப் பிடுங்கினாள். தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"நான் கேட்டேன். என்னா எழுதியிருக்குன்னு."

"கேட்ட."

"கன்னத்துல தட்டினீங்க."

"தட்டினேன்."

அகல்யாவின் உதடு கோணியது. திரும்பி எல்லாரையும் பார்த்தாள். "இப்ப என்னா செய்யணும்? அதச் சொல்லச் சொல்லுங்க. அழுவுறத அப்பறம் பாத்துக்கலாம்."

பிரிஜிட் மகள் சொன்னதைச் சொன்னாள். எல்லாரும் ஒரு கடுதாசி எழுதி, முதல் தாள் காட்டப்படவில்லை என்று கையெழுத்துப் போட்டு, நாளைக் காலையில் சேர்ந்துபோய் போலீஸில் ரிப்போர்ட் கொடுக்கவேண்டும். முதலில் அவள் கொடுப்பாள். அவளைப் பிடித்து உள்ளே வைத்தாலும் வைக்கலாம். அப்படியும் வீடு தப்பும் என்று சொல்ல முடியாது. மே முப்பத்தியொன்று அப்படியே இருக்கிறது.

"ஒய்.பி. வந்து நிப்பாரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மாட்டார்," என்றான் ஜெயராஜ்.

பரமேஸ்வரன் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. பிரிஜிட் மடியில் அட்டை வைத்து எழுதினாள். ஒரே தாள். எழுதி முடித்து மலாயில் வாசித்தாள், தமிழில் சொன்னாள். அகல்யா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் தரமும் சொன்னாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. செம்பனைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

அகல்யா பேனாவை வாங்கினாள். வைக்கப்போய் நிறுத்தினாள்.

"பின்னால என்னா இருக்கு?"

"ஒண்ணுமில்லலா. வெறும் தாளு."

"திருப்பிக் காட்டுங்க."

பிரிஜிட் திருப்பிக் காட்டினாள். அகல்யா அந்த வெற்றுப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசிப்பதுபோலப் பார்த்தாள். பிறகு போட்டாள். அக்கா என்று கூப்பிடவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. பேனாவை மேடைமேல் வைத்துவிட்டு விலகி நின்றாள். வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றாள்.

அடுத்தவர் வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே பிரிஜிட் தாளைத் திருப்பினாள். அவருக்குப் பின்னால் நின்றவருக்கும் திருப்பினாள். இருட்டிக்கொண்டு வந்தபோது ஜெயராஜ் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தான். முப்பத்தியொரு வீட்டு ஆட்களுக்கும், ஒருத்தரையும் விடாமல், அந்த வெற்றுப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.